குன்னூர் வாடகை வீட்டுக்கு இங்கிலாந்து காட்டேஜ் களை வருமா? பட்ஜெட் 15,000

மூடுபனி_ஜன்னல் | ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். கோவையிலிருந்து மாற்றலாகி குன்னூருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. மேல் குன்னூரில் ஒரு பழைய வீட்டின் பின்பகுதி வாடகைக்குக் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை. தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை சீலிங், மரச்சட்ட ஜன்னல்கள். முன்னறையில் யாரோ எப்போதோ கைவிட்ட கணப்பு அடுப்பு ஒன்றும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.

படங்களில் வருமே, அந்த மாதிரி இங்கிலாந்துக் கிராமத்து வீட்டுக் களை கொண்டுவர ஆசை. பூப்போட்ட திரை, குண்டு டீப்பாட், ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மடியில் தையல். நான் போட்ட கணக்கு: முன்னறைக்கு செங்கல் டிசைன் வால்பேப்பர், தீ எரிவது போலக் காட்டும் எலக்ட்ரிக் ஷோபீஸ் (ஆன்லைனில் ஒன்பதாயிரம்), வெள்ளை பெயின்ட் அடித்த டீ டேபிள். குஷன் உறைகளை நானே தைத்துக்கொள்வேன். மிஷின் ஓட்டத் தெரியும், நேராகத் தைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

சரியாகப் போகிறேனா?

ஓட்டுவீடு | ஞாயிறு, இரவு 9:48

வால்பேப்பரை மறந்துவிடுங்கள். ஊட்டிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை என்றால் குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டித் தீர்க்கும். இனிமேல்தான் உங்களுக்கு நிஜமான ஈரம் வரப்போகிறது. பழைய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் இரண்டே மாதத்தில் பின்னால் கறுப்புப் பூசணம் பிடிக்கும். தாளோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வரும், அப்புறம் அட்வான்ஸும் போகும். நல்ல சுண்ணாம்பில் துளி மஞ்சள் காவி கலந்து அடியுங்கள், போதும்.

பார்ட்டிக்கிள் போர்டு மேஜையும் இதே கதைதான். நான் வாங்கிய அலமாரி ஒரே மழைக்காலத்தில் பன் மாதிரி ஊறிப்போயிற்று. விற்றவரைக் கேட்டால் "மலைக்கு வேண்டாம்னு சொல்லியிருப்போமே சார்" என்கிறார். சொல்லவில்லை. பழைய மரச்சாமான் கடையில் கால் ஆடும் மேஜை வாங்கி ஆப்பு அடித்து நிறுத்துங்கள்.

கால்மிஷின் | ஞாயிறு, இரவு 10:30

தம்பி சொல்வது சரி. நான் கோத்தகிரி. முப்பது வருஷமாகத் தையல். பங்களாக்களுக்குத் திரை தைத்துக் கொடுத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

கண்ணு, ஒன்று சொல்கிறேன். அந்தப் படத்தில் நீ அலங்காரம் என்று பார்ப்பதெல்லாம் குளிருக்காகச் செய்தது. திரைக்கு மேலே பெட்டி மாதிரி மரம் அடித்துத் துணி போர்த்துவார்களே, பெல்மெட், அது எதற்கு? ஜன்னல் கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அதற்குப் பதிலாக அறையின் சூடான காற்று திரைக்கு மேல் சந்து வழியாக உள்ளே போகும். பெல்மெட் அந்த வாயை அடைக்கிறது. டீப்பாட்டுக்குத் தொப்பி, கதவடியில் மணல் பை, நாற்காலிக்குப் பக்கவாட்டில் காது வைத்த முதுகு, எல்லாம் இதே காரணம்தான். காற்று எங்கே நுழைகிறது என்று முதலில் பார். ஊதுபத்தி கொளுத்தி ஜன்னல் சட்டத்தைச் சுற்றிப் பிடி. புகை வளைகிற இடத்திலிருந்து உன் தையலை ஆரம்பி.

அந்த ஒன்பதாயிரம் ரூபாய்த் தீ உன் காலைச் சுடவைக்காது.

கேள்வி_மட்டும் | திங்கள், காலை 7:15

தப்பாக நினைக்கவேண்டாம். வெள்ளைக்காரன் போய் எத்தனை காலம் ஆயிற்று? இன்னும் அவன் வீட்டுக்கு ஏன் ஏங்க வேண்டும்? நீலகிரிப் படுகர்களின் ஊர்களில், ஹட்டிகளில், வரிசையாக நிற்கும் வீடுகள் இதே குளிரைத் தாங்கவில்லையா?

கரூர்_பையன் | திங்கள், காலை 8:02

அண்ணா, நீங்கள் சொல்லும் வெள்ளைக்காரன் வீட்டுக் கிச்சன் டவல், மேஜை விரிப்பு, அடுப்புக் கையுறை எல்லாம் எங்கள் ஊரில்தான் நெய்து தைத்துக் கப்பல் ஏறுகின்றன. பாதி கரூர் அதில்தான் சோறு சாப்பிடுகிறது. அவர்கள் ஊர் வீட்டில் நம் துணி இருக்கலாம், நம் ஊர் வீட்டில் இருக்கக் கூடாதா? 😄

மூடுபனி அக்கா, எக்ஸ்போர்ட் மிச்சம் கிலோ கணக்கில் கிடைக்கும். சிவப்பு வெள்ளைக் கட்டம், நீலக் கோடு எல்லாம் வரும். தையல் பிசகி ஒதுக்கியதாக இருக்கும், துணி நன்றாகவே இருக்கும்.

சாயவேர் | திங்கள், காலை 10:40

அந்தப் பூப்போட்ட திரைத்துணிக்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் சின்ட்ஸ் என்பார்கள். நம் பாட்டிமார் சீட்டி என்பார்கள். சீட்டிப் பாவாடை, சீட்டித் துணி என்று கேட்டிருப்பீர்கள். இரண்டு சொல்லும் ஒரே வட இந்தியச் சொல்லிலிருந்து வந்தவை. 17-ம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகப் போயிற்று. கையால் பூ எழுதி, சாயவேரில் சிவப்பு ஏற்றிய பருத்தித் துணி. துவைத்தால் சாயம் போகாது என்பதே அவர்களுக்கு அதிசயம். அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் பிழைப்பு போகிறது என்று கொதித்தார்கள். 1686-ல் பிரான்ஸ் தடை போட்டது. இங்கிலாந்து 1721-ல், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் கூடாது என்றே சட்டம் போட்டது. அது 1774-ல்தான் நீங்கியது. அப்புறம் அவர்களே ஆலையில் அச்சடித்து நமக்கே விற்றார்கள்.

ஆகவே சீட்டித் திரை போடுவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. மற்றதையும் பாருங்கள். தேயிலை சீனாவிலிருந்து போனது. ஜன்னலில் வைக்கும் ஜெரேனியம் தென்னாப்பிரிக்கச் செடி. வாசலில் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியா ஜப்பான்.

கேள்வி_மட்டும் | திங்கள், காலை 11:05

சரி, துணி விஷயத்தில் தோற்றேன். ஏக்கம் விஷயத்தில் இன்னும் தோற்கவில்லை.

லயத்து_வீடு | திங்கள், பிற்பகல் 1:20

கேள்வி அண்ணாவின் கேள்வியை அப்படியே விட்டுவிட வேண்டாம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. பாட்டி அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தொழிலாளர் லைன் வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர். பங்களா என்றால் எங்களுக்குத் தூரத்தில் தெரியும் புகைக்கூண்டு. உள்ளே என்ன படம் மாட்டியிருந்தது என்று யாருக்குத் தெரியும்.

ஆனால் இதம் எங்கள் வீட்டிலும் இருந்தது. பாட்டி பழைய சேலைகளை நாலைந்து அடுக்காகப் போட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை ஆக்குவார். பருத்திச் சேலை அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்குவதால் கம்பளி தோற்றுப்போகும். சாயங்காலம் தேத்தண்ணி. பால் இல்லாத சாயம், உள்ளங்கையில் சீனி. ஒரு நக்கு, ஒரு மடக்கு. அந்தப் போர்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. தங்கச்சி, உன் நாற்காலியில் அப்படி ஒன்று போடு. படத்தில் உள்ளவர்களும் கந்தல் துணியில்தான் ஒட்டுப்போர்வை தைத்தார்கள்.

மூடுபனி_ஜன்னல் | திங்கள், இரவு 8:30

இவ்வளவு பதிலை எதிர்பார்க்கவில்லை. லயத்து அக்கா, அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் நாலு என்னிடம் இருக்கின்றன. நாளைக்கே எடுக்கிறேன்.

கால்மிஷின் அம்மா, ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன். ஜன்னல்கூடப் பரவாயில்லை. முன்கதவுக்கு அடியில் புகை படுத்தே விட்டது. கணப்பு அடுப்பின் வாயில் வைத்தால் சர்ரென்று மேலே போகிறது. அப்படியென்றால் புகைக்கூண்டு திறந்துதான் இருக்கிறது, இல்லையா? பக்கத்து வீட்டு அம்மா இரும்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். ராத்திரி முழுக்கச் சூடு நிற்குமாம்.

ஓட்டுவீடு | திங்கள், இரவு 8:36

வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இல்லை, நிறம் இல்லை, இருமலும் வராது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். கொடைக்கானலில் சுற்றுலா வந்தவர்கள் இப்படித் தூக்கத்திலேயே போயிருக்கிறார்கள். "நாங்கள் எப்போதும் வைக்கிறோமே" என்பார்கள். அவர்கள் வீட்டில் ஓடு இடுக்கு இருந்திருக்கும். உங்கள் வீட்டில் பலகை சீலிங். அதோடு இப்போது கதவையும் ஜன்னலையும் அடைக்கப் போகிறீர்கள்.

காற்று மேலே இழுப்பதால் கணப்பு எரியத் தயார் என்றும் அர்த்தம் இல்லை. உள்ளே பறவைக்கூடு, விரிசல், பழைய கரிப்படிவு எது வேண்டுமானாலும் இருக்கலாம். விவரம் தெரிந்த கொத்தனார் மேலிருந்து கீழ்வரை பார்க்காமல் விறகு வைக்காதீர்கள். அதுவரை ஒரு சாக்கில் வைக்கோல் திணித்துப் புகைக்கூண்டின் கழுத்தில் செருகுங்கள். அறைச் சூடு மேலே ஓடுவது நிற்கும். சாக்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வெளியே தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மறந்துபோய்ப் பற்றவைப்பீர்கள். எனக்கு நடந்தது.

கால்மிஷின் | திங்கள், இரவு 9:15

கதவடிக்கு மணல் பை. எழுதிக்கொள்.

கதவு 36 அங்குலம் என்றால் துணியை 40 நீளம், 9 அகலம் வெட்டு. நல்ல கெட்டித் துணி வேண்டும், பழைய ஜீன்ஸ் கால் போதும். நீளவாக்கில் மடித்து அரை அங்குலம் விட்டு இரண்டு முறை தை, ஒரு முனையை விட்டுவிடு. மிஷினுக்கு 16-ம் நம்பர் ஊசி போடு, தையலை நீளமாக வை. மெல்லிய ஊசியில் ஜீன்ஸைத் தைத்தால் ஊசி முறிந்து கண்ணில் தெறிக்கும். உள்ளே அரிசி, உமி எதுவும் போடாதே. இந்த ஈரத்தில் வண்டு வரும். மணலைச் சலித்து வாணலியில் போட்டுக் கைபொறுக்காத சூடு வரை வறு, ஆறவிடு. இரண்டு பிடி மணல், ஒரு பிடி பனியன் வேஸ்ட் என்று மாற்றி மாற்றிப் போடு. மணல் மட்டும் போட்டால் தூக்கமுடியாது. பஞ்சு மட்டும் போட்டால் காற்றே அதைத் தள்ளிவிடும். முக்கால் பாகம் நிரப்பினால் போதும், அப்போதுதான் கதவோடு வளைந்து உட்காரும்.

திரைக்கு: பூத்துணி, நடுவே மலிவான பழைய போர்வை, பின்னால் காடாத்துணி. காடாவைத் துவைத்து உலர்த்தி அப்புறம் வெட்டு. இல்லாவிட்டால் முதல் துவையலில் சுருங்கித் திரை பாவாடை மாதிரி தூக்கிக்கொள்ளும்.

கற்கண்டு_டீ | செவ்வாய், காலை 6:50

டீ பற்றி யாரும் பேசவில்லையே! நான் ஊட்டி. சில வருஷம் ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், ஆஸ்ட்ஃபிரீஸ்லாந்து என்ற கடலோரப் பகுதியில் இருந்தேன். காட்டேஜ் டீ என்றாலே எல்லோருக்கும் இங்கிலாந்து ஞாபகம் வருகிறது. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் ஆங்கிலேயர்களைவிட அதிகம் டீ குடிப்பவர்கள். ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 300 லிட்டர்.

அவர்கள் முறை இது. சின்னப் பீங்கான் கோப்பை. முதலில் ஒரு பெரிய கற்கண்டுத் துண்டு. அதன்மேல் கொதிக்கக் கொதிக்க, கெட்டியான டீயை ஊற்றுவார்கள். அப்போது கற்கண்டு 'படக்' என்று வெடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள். பிறகு சின்னக் கரண்டியில் க்ரீம் எடுத்துக் கோப்பையின் ஓரமாக நழுவவிட வேண்டும். அது அடியில் போய் மேகம் மாதிரி எழும்பிவரும். கலக்கக் கூடாது. முதலில் க்ரீம், அப்புறம் கசப்பு, கடைசியில் இனிப்பு. மூன்று கோப்பையாவது குடிக்காவிட்டால் வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கவேண்டும். எனக்கு இது தெரியாமல் முதல் நாள் ஆறு கோப்பை குடித்தேன்.

டீப்பாட்டுக்குக் கீழே ஒரு சின்ன மெழுகுவர்த்தி அடுப்பும் வைப்பார்கள். லயத்து அக்கா சொன்ன உள்ளங்கைச் சீனிக்கு இது தூரத்துச் சொந்தம் என்று தோன்றியது.

கொழுந்துக்கூடை | செவ்வாய், காலை 9:30

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கொழுந்தை ஃபேக்டரிக்குப் போடுகிறோம். டீயைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும், மலைக்காரர்களே கவனிக்காதது.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 2,240 மீட்டர், அங்கே 93-ஐத் தொட்டால் பெரிது. கீழே மேட்டுப்பாளையத்தில் நூறுக்குப் பக்கத்தில் கொதிக்கும் அதே தண்ணீர்தான். ஐந்தாறு டிகிரி குறைவாக ஆரம்பித்து, ஜில்லென்ற பீங்கானில் ஊற்றினால் டீ எப்படி இறங்கும்? "ஆன்லைனில் சொன்ன மாதிரியே மூன்று நிமிஷம் வைத்தேன், தண்ணி மாதிரி இருக்கு" என்பவர்களுக்கு இதுதான் காரணம். டீப்பாட்டில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டுங்கள். அப்புறம் இலை, தண்ணீர். உடனே தொப்பி. ஐந்து நிமிஷம். இங்கே டீப்பாட் தொப்பி அழகுப் பொருள் இல்லை.

இலை: கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி சி.டி.சி. குருணை. பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைக்க அதுதான் சரி. டீப்பாட்டுக்கு ஆர்த்தடாக்ஸ் இலை கேளுங்கள், சுருண்ட நீளமான இலை. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பறித்தது கிடைத்தால் விடாதீர்கள். குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் வாசனை வேறு மாதிரி இருக்கும். அதில் பால் ஊற்றினால் எனக்குச் சொல்லாமல் ஊற்றுங்கள்.

கற்கண்டு_டீ | செவ்வாய், காலை 9:41

க்ரீம் அஸ்ஸாம் கலவைக்குத்தான் ஐயா. அடிக்காதீர்கள்.

சாயவேர் | செவ்வாய், மாலை 5:00

குஷனுக்குத் தோடர் எம்பிராய்டரி யோசித்தீர்களா? வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். பூத்துக்குளி சால்வையில் பார்த்திருப்பீர்கள். அச்சுவரைந்து தைப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே போடுவார்கள், சட்டமும் கிடையாது. பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் மாதிரியே இருக்கும். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரின்ட் அடித்த போலி நிறைய வருகிறது. துணியைத் திருப்பிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஒன்றே ஒன்று வாங்கினாலும் தோடர் பெண்கள் தைத்ததாக வாங்குங்கள். நீங்களே எண்ணித் தைத்துப் பழக விரும்பினால் 14 கவுன்ட் ஐடா துணியில் குறுக்குத்தையல் தொடங்கலாம். அங்குலத்துக்கு 14 கட்டம், கண் நோகாது.

ஓட்டுவீடு | செவ்வாய், மாலை 6:10

விளக்கு: வெள்ளை டியூப்லைட்டை அணைத்துவிட்டு 2,700 கெல்வின் வார்ம் பல்பு (மஞ்சள் ஒளி) இரண்டு. தையலுக்கு மட்டும் தனி விளக்கு. பாதி வேலை முடிந்தது.

தரைக்குக் கார்பெட் வேண்டாம், ஈரம் குடிக்கும். பவானி ஜமக்காளம் போடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் வேலியில் போட்டுத் தட்டலாம்.

செடி விஷயத்தில் ஒரு வேண்டுகோள். படத்தில் மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் இரண்டையும் வைக்காதீர்கள். அலங்காரத்துக்குக் கொண்டுவந்தவைதான் இன்று மலைப் புல்வெளியைத் தின்கின்றன. ஹைட்ராஞ்சியா வையுங்கள். நம் புளிப்பு மண்ணில் தானாகவே நீலமாகப் பூக்கும்.

கேள்வி_மட்டும் | செவ்வாய், இரவு 9:00

விடுமுறையில் கோத்தகிரி கன்னேரிமுக்கு போய் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சலிவன் 1819-ல் கட்டிய வீட்டைப் பாருங்கள். நீலகிரியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு, இப்போது கண்காட்சி. ஏங்குவதென்றால் ஒரிஜினலைப் பார்த்துவிட்டு ஏங்கவேண்டும்.

மூடுபனி_ஜன்னல் | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 4:25

தகவல் சொல்ல வந்தேன். வெளியே நாலு நாளாக அடைமழை.

செலவு: பழைய மேஜை 1,800, ஜமக்காளம் 1,400, கரூர் துணி மூன்று கிலோ 1,100, பல்பு, காடா, நூல், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து 2,300. தொப்பிக்கான கம்பளி, பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தது. (கரி விஷயம் சொன்னேன். முதலில் முறைத்தார், இப்போது ராத்திரியில் சட்டியை வெளியே வைத்துவிடுகிறாராம்.) தீ ஷோபீஸ் வாங்கவில்லை. கணப்பின் வாயில் ஒரு கூடை வைத்து அதில் துணி மிச்சங்களைப் போட்டிருக்கிறேன். சிவப்புத் துணி தொங்குகிறது.

மணல் பை தைத்த அன்று ராத்திரி என் கணவர் இருட்டில் அதை மிதித்துவிட்டுப் போட்ட சத்தத்தில் மேல்வீட்டில் விளக்கு எரிந்தது. நான் அதற்குப் பாம்பு மாதிரிக் கண் வேறு தைத்திருந்தேன்.

முதல் தொப்பிக்குள் டீப்பாட் நுழையவில்லை. சுற்றளவை மட்டும் அளந்தேன், மூக்கையும் கைப்பிடியையும் மறந்துவிட்டேன். இரண்டாவது சரியாக வந்தது. மூக்கு நுனியிலிருந்து கைப்பிடி ஓரம் வரை அளந்து, அதோடு இரண்டு அங்குலம் கூட்டினேன். வெளியே சிவப்புக் கட்டம், நடுவில் கம்பளி, உள்ளே காடா. டீப்பாட்டைக் கழுவிச் சுடவைத்து, ஐந்து நிமிஷம் வைத்தேன். அரைமணி கழித்து இரண்டாவது கோப்பையும் ஆவி பறந்தது.

சேலைப் போர்வை இன்னும் பாதியில் நிற்கிறது. அம்மா போன வாரம் வந்திருந்தார். கையில் எடுத்துப் பார்த்து, "இது உன் காதுகுத்துக்குக் கட்டினது" என்றார். பிறகு அவரே ஊசி வாங்கி ஒரு வரிசை ஓட்டினார். என் தையலைவிடப் பொடித்தையல். அதைப் பிரிக்காமல் விட்டிருக்கிறேன்.

கால்மிஷின் | சனி, மாலை 5:02

பிரிக்காதே. சுங்குடி வெள்ளைப்புள்ளி தெரிகிற மாதிரி மேலடுக்கில் வை. அப்புறம் அந்தப் பாம்புக்குக் கண்ணைப் பிரித்துவிடு.

கரூர்_பையன் | சனி, மாலை 5:20

அக்கா, தொப்பி படம் போடுங்கள். அந்தச் சிவப்புக் கட்டம் எங்கள் தறியா என்று பார்க்கவேண்டும்.